போத்தனூர் சந்திப்பு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோட்டைகள், கோயில்கள், போர்க்களங்கள். நம் கொங்கு வட்டாரத்தில் ஒருவரைக் கேட்டால் பேரூரைச் சொல்வார். சங்ககிரிக் கோட்டையைச் சொல்வார். ஓடாநிலையில் வாழ்ந்த தீரன் சின்னமலையைச் சொல்வார். போத்தனூரை எவரும் சொல்வதில்லை. அங்கே மன்னன் எவனும் இருந்ததில்லை. இருப்புப் பாதை போட்டவர்கள் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். கோடு திரும்பிய இடத்தில் ஊர் பெருகியது. அப்படிப்பட்ட ஊருக்கும் வரலாறு உண்டா என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். அவனுக்கு அன்று சரியான பதில் சொல்ல என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவனுக்காக எழுதப்பட்டது எனக் கொள்க.

முதலில் ஒரு கேள்வி. கோயம்புத்தூர் மாவட்டத்தின் தலைநகரம். கலெக்டர் கச்சேரி அங்கே, சந்தை அங்கே. அப்படியிருக்க, இந்த வட்டாரத்துக்கு முதன்முதலில் வந்த புகைவண்டி ஏன் நகருக்குள் வராமல், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போத்தனூரில் போய் நின்றது?

விடை மலையில் இருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கையில், இவ்விரண்டுக்கும் நடுவில் மட்டும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்பது அதுவே. ஆடி மாதத்தில் நம் மாணவர் விடுதியின் சன்னல் கதவுகளைப் படீர் படீரென்று அடிக்கும் காற்று அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. பழங்கால வணிகர்களும் அவ்வழியாகத்தான் வந்தார்கள். மெட்ராஸ் ரயில்வே கம்பெனியாரும் அதைத்தான் நாடினார்கள்.

அவர்கள் நோக்கம் கோயம்புத்தூர் அன்று. கிழக்குக் கடற்கரையிலுள்ள சென்னையை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூருடன் இணைப்பதே அவர்கள் திட்டம். 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டி ஓடியது. பாதை அங்கிருந்து சோலையார்பேட்டை, சேலம், ஈரோடு என்று மேற்கு நோக்கி வளர்ந்தது. அதே காலத்தில் மலபார்க் கரையிலும் வேலை நடந்தது. 1861 மார்ச்சில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் 1862ஆம் ஆண்டில் போத்தனூர்ப் பக்கம் கைகோத்தன. இராயபுரத்தில் ஏறியவர் மேற்குக் கடற்கரையில் இறங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இதன் அருமை விளங்கவேண்டுமானால் பம்பாய்ப் பக்கம் பார்க்கவேண்டும். அங்கே இதே மேற்குத் தொடர்ச்சி மலையைப் போர்க்காட் வழியாகக் கடக்க இருபத்தைந்து சுரங்கங்கள் குடைந்தார்கள். 37 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதை அது. பல்லாயிரம் தொழிலாளர் அந்த வேலையில் மாண்டனர். 1863இல்தான் அது திறக்கப்பட்டது. நமக்கோ இயற்கையே வாசல் திறந்து வைத்திருந்தது. கோவையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர்; பாலக்காட்டின் உயரம் 84 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவில் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் இறக்கம். சராசரி பார்த்தால் 150 மீட்டருக்கு ஒரு மீட்டர். நீராவி எஞ்சினுக்கு இது பெரிய காரியம் அல்ல.

இப்போது கோட்டைப் பாருங்கள். திருப்பூர், சோமனூர், இருகூர் என்று வந்த பாதை கணவாயின் வாய்க்குப் போகவேண்டும். இருகூரிலிருந்து மதுக்கரைக்கு ஒரு நூலைப் பிடித்தால் அந்த நூல் நொய்யலைக் கடந்து போத்தனூர் வழியாகத்தான் போகும். கோயம்புத்தூர் அந்த நூலுக்கு வடக்கே விலகி நிற்கிறது. நகரைத் தொடவேண்டுமானால் வடக்கே ஏறி, மறுபடி தெற்கே இறங்கவேண்டும். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிது என்பது நாம் பள்ளியிலேயே படித்த பாடம். மைலுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்குப் பார்த்த பொறியாளர்கள் மூன்றாவது பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். போத்தனூர் பிறந்தது. நகரத்து மக்கள் வண்டி பிடிக்க உக்கடம் வழியாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். நீலகிரிக்குப் போகும் வெள்ளைக்காரத் துரைமார்களும் போத்தனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மேட்டுப்பாளையத்துக்குப் போகவேண்டியிருந்தது.

பதினொரு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1873இல் போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். இதில் நான் குறிப்பிட விரும்புவது ஒன்றுண்டு. இந்தப் பாதையும் கோயம்புத்தூருக்காகப் போடப்பட்டதன்று, உதகமண்டலத்துக்காகப் போடப்பட்டது. கோடையில் சென்னை அரசாங்கமே மலையேறிவிடும் காலம் அது. மலைக்குப் போகும் வழியில் இருந்ததால் கோயம்புத்தூருக்கு ஒரு நிலையம் கிடைத்தது. இன்று நாள்தோறும் பல்லாயிரம் பேர் புழங்கும் நிலையம் ஒரு கிளைப் பாதையின் முதல் நிறுத்தமாகத்தான் தோன்றியது என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது. அன்று போத்தனூர்தான் சந்திப்பு. கோயம்புத்தூர் அதன் அடுத்த நிலையம்.

அந்தக் கிளை மேலும் வளர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகமண்டலத்துக்கு 1908இலும் பற்சக்கர மலைப்பாதை சென்று சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், மிகக் கடுமையான இடத்தில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. ஆகவே அதை விட்டு மேலே செல்கிறேன்.

1908இல் மெட்ராஸ் ரயில்வேயின் சோலையார்பேட்டை - மங்களூர்ப் பகுதி தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்கு மாறியது. அதன்பின் 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு மீட்டர் பாதை போடப்பட்டது. 1928இல் பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கும், 1932இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் பாதைகள் வந்தன. இதனால் போத்தனூருக்கு ஒரு புதுப் பெருமை கிடைத்தது. அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் இடமாக அது மாறியது.

அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையில் 1000. வேறுபாடு 676 மில்லிமீட்டர். நம் கை நீளம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு கை நீளத்தைச் சரக்கு தானாகத் தாண்டாது. மீட்டர் பாதைப் பெட்டியில் வந்த மூட்டையை மனிதன் தன் முதுகில் ஏற்றி, பத்தடி நடந்து, அகலப்பாதைப் பெட்டியில் போடவேண்டும். அந்த 676 மில்லிமீட்டரில் பல குடும்பங்கள் கஞ்சி குடித்தன.

என் தாய்வழிப் பாட்டனார், எங்கள் வழக்கில் அப்பிச்சி, அவர்களில் ஒருவர். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் ஊர். மழை பொய்த்துக் காட்டில் வேலை இல்லாத ஆண்டுகளில் அவர் போத்தனூருக்கு மூட்டை மாற்றப் போயிருக்கிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் கேட்டபோது, "ஏங்கண்ணு, இதையெல்லாமா காலேசுப் பொஸ்தகத்துல போடுவாங்க?" என்று சிரித்தார். பிறகு தானே சொல்லத் தொடங்கினார். வெல்ல மூட்டை வெயிலில் இளகி முதுகோடு ஒட்டிக்கொள்ளுமாம். தேங்காய் மூட்டை விலா எலும்பைக் குத்துமாம். பஞ்சுப் பொதி பார்க்கப் பெரிது, ஆனால் ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். "மூட்டையில என்ன இருக்குதுன்னு கண்ணுல பாக்க வேண்டியதில்ல. முதுகு சொல்லிப்போடும்" என்றார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். பெட்டியின்மேல் சாக்கட்டியால் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை எழுத்தின் வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வாராம்.

மாணவ நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது போத்தனூர் வரலாற்றில் மிகக் கொடிய இரவைப் பற்றியது. இதை எழுதவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத முன்வந்தேன் என்றும் சொல்லலாம்.

1921ஆம் ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். மலபார்ச் சிறைகளில் இடம் போதவில்லை. கைதிகளை வெளி மாவட்டச் சிறைகளுக்கு வண்டியில் அனுப்பினார்கள். பயணிப் பெட்டிகள் போதவில்லை என்றும், திறந்த பெட்டியில் கொண்டுபோனால் தப்பிவிடுவார்கள் என்றும் காரணம் சொல்லி, மூடிய சரக்குப் பெட்டிகளில் மனிதர்களை ஏற்றும் வழக்கம் தொடங்கியது. ஒரு முறை அன்று, பல முறை அவ்வாறு நடந்தது.

நவம்பர் மாதத்தில் ஒரு மாலை, திரூர் நிலையத்தில் ஏறத்தாழ நூறு கைதிகளை ஒரே சரக்குப் பெட்டியில் அடைத்துக் கதவைப் பூட்டினார்கள். பெல்லாரிச் சிறை நோக்கிப் பயணம். காற்றுக்காக அந்தப் பெட்டியில் இருந்த துளைகளின்மேல் நுண்ணிய கம்பி வலை அடித்திருந்தது. பூசிய சாயத்தாலும் தூசியாலும் வலைக்கண்கள் அடைபட்டிருந்தன. வண்டி சொரனூரில் நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுக் கதறினார்கள், சுவரை அடித்தார்கள். கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவுக்குமேல் போத்தனூரில்தான் திறந்தார்கள். 56 பேர் பிணமாகக் கிடந்தனர். மற்றவர்களிலும் பலர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலும், போன பிறகும் இறந்தனர். மொத்தச் சாவு எழுபது.

நான் வேதியியல் மாணவன். ஆகவே இதைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். சும்மா அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறான். நூறு பேர் என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர் உள்ளே. 20 லிட்டர் வெளியே. பெட்டியின் கொள்ளளவை 30 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூறு உடல்கள் அடைத்துக்கொள்ளும் இடம் 6 கனமீட்டர். மீதம் 24 கனமீட்டர், அதாவது 24,000 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, ஏறத்தாழ 5,000 லிட்டர். காற்று சிறிதும் உள்ளே வராவிட்டால், ஒரு மணி முக்கால் நேரத்தில் அது பாதியாகக் குறையும். இரண்டு மணி நேரத்தில் கரியமில வாயு பத்து விழுக்காட்டைத் தொடும். அந்த அளவில் மனிதன் நினைவிழப்பான். நெடுநேரம் பிழைத்திருக்க மாட்டான். இது சும்மா அமர்ந்திருப்பவனுக்குப் போட்ட கணக்கு. அச்சத்தில் முட்டி மோதுகிறவன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மூச்சு விடுவான். திரூரிலிருந்து போத்தனூருக்கு அன்று வண்டி எடுத்துக்கொண்ட நேரமோ ஐந்து மணிக்கு மேல்.

அப்படியானால் முப்பது பேர் எப்படிப் பிழைத்தார்கள்? பெட்டி முழுவதும் அடைபட்டதாக இருக்கவில்லை என்பதுதான் விடை. பலகை இடுக்கு, கதவின் விளிம்பு, இப்படி எங்கோ சிறிது காற்று வந்திருக்கிறது. ஆணி கழன்று போன ஓர் ஓட்டையில் மாறி மாறி மூக்கை வைத்து மூச்சு வாங்கியதாக உயிர் தப்பியவர் ஒருவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இந்தக் கணக்கை என் குறிப்பேட்டில் இரண்டு முறை சரிபார்த்தேன். சோதனைக்கூடத்தில் வாயுக்களின் பருமனைக் கணக்கிட்டுப் பழகிய கைதான், அன்று நடுங்கிற்று.

அரசாங்கம் ஏ.ஆர். நாப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. நாடெங்கும் பத்திரிகைகள் கண்டித்து எழுதின. 1756இல் கல்கத்தாவில் வெள்ளையர் அடைபட்டு இறந்த இருட்டறையைப் பாடப்புத்தகம் தோறும் எழுதி வைத்த ஆட்சியின் கீழ்தான் போத்தனூரில் இந்த இருட்டறை திறக்கப்பட்டது. திரூரில் இன்று அந்நிகழ்ச்சியின் பெயரால் நகர மண்டபம் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. பாதையின் அந்த முனையில் உள்ளவர்கள் மறக்கவில்லை. இந்த முனையில்? போத்தனூர் நடைமேடையில் வண்டிக்குக் காத்திருந்த ஒரு மாலையில் என்னருகே அமர்ந்திருந்த இருவரிடம் கேட்டேன். ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். "அப்படி ஒண்ணு நடந்துச்சுங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓராண்டுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் நாட்டு வரலாறு இந்தப் பாதையில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. 1934இல் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் பயணம் செய்த காந்தியடிகள் போத்தனூரில் தங்கினார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிங்காநல்லூர் வட்டாரத்தில் தளவாடங்கள் ஏற்றிய வண்டி கவிழ்க்கப்பட்டது. அதே மாதம் சூலூர் விமானத்தளம் தீக்கிரையானது. இவற்றில் ஆலைத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அந்த ஆலைகளுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்கு உரியது. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் நகரின் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. நூல் பொதிகளும் பஞ்சுப் பொதிகளும் ஏறி இறங்க, கோயம்புத்தூர் வளர்ந்தது. கிளை மரமாகிவிட்டது.

போத்தனூரின் இறக்கம் எந்த நாளில் தொடங்கியது என்று குறிப்பிட்டுச் சொல்வது கடினம். ஆனால் ஓர் ஆண்டைச் சொல்லவேண்டுமென்றால் நான் 1956ஐச் சொல்வேன். 1951 ஏப்ரலில் மூன்று ரயில்வேக்களை ஒன்றாக்கித் தென்னக ரயில்வே அமைக்கப்பட்டது. அதன்பின் போத்தனூர் ஒரு கோட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. கோட்டத் தலைமையிடம் என்றால் சாதாரணமன்று. அதிகாரிகள், எழுத்தர்கள், அவர்கள் குடும்பங்கள், பள்ளிகள், கடைகள். 1956இல் அந்தக் கோட்டம் கலைக்கப்பட்டது. தலைமையிடம் ஒலவக்கோட்டுக்குப் போயிற்று. இன்றைய பாலக்காட்டுக் கோட்டம் அதுவே. மொழிவழி மாநிலங்கள் பிரிந்த ஆண்டும் அதுதான். மலபார் கேரளத்துடன் சேர்ந்தது. நம் மாவட்டம் தமிழ்நாட்டில் நின்றது. போத்தனூரோ, தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு கேரளத்திலுள்ள அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டும் ஊராயிற்று. ஐம்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பர் 1ஆம் நாள் சேலம் கோட்டம் தொடங்கப்பட்டபோது போத்தனூர் அதனுடன் சேர்க்கப்பட்டது. பெயர்ப் பலகை மாறியது. இழந்த தலைமையிடம் திரும்ப வரவில்லை.

மக்களும் மாறினார்கள். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலம் உண்டு. எஞ்சின் ஓட்டுநர்களும் கார்டுகளும் அவர்களில் மிகுதி. நாடு விடுதலை பெற்றபின் அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். ஓட்டு வீடுகளும், அகன்ற தாழ்வாரங்களும், மழை மரங்கள் கவிந்த சாலைகளும் எஞ்சின. அப்பிச்சி அவர்களைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: "கிறிஸ்மசு வந்துதுன்னா கேக்குத் துண்டு குடுப்பாங்கொ. பாட்டுச் சத்தம் ராத்திரி முச்சூடும் கேக்கும்."

ஆனால் ஊர் அழிந்துவிட்டது என்று எண்ணிவிடவேண்டாம். சைகைக் கருவிகளும் தொலைத்தொடர்புக் கருவிகளும் செய்யும் ரயில்வே தொழிற்சாலை அங்கே நடந்து வருகிறது. இன்று போத்தனூர் கோவை மாநகராட்சியின் ஒரு பகுதி. பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. அந்த வேலை நடந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மக்கள் பேருந்தையே நம்பியிருந்தார்கள். வண்டி மறுபடி வந்தபோது என்னைப் போன்ற சிறுவர்கள் தண்டவாள ஓரம் நின்று கையசைத்தோம். அப்பிச்சியும் வந்து நின்றார். அவர் பார்த்தது வண்டியை அன்று, தண்டவாளத்தின் அகலத்தை. 676 மில்லிமீட்டர் மறைந்துவிட்டது. மூட்டை மாற்ற இனி ஆள் வேண்டாம். அது நல்லதுதான். மனிதன் முதுகில் வெல்ல மூட்டை உருகத் தேவையில்லை. இருந்தும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1862இல் பொறியாளர்கள் பிடித்த அந்த நேர்நூல், இருகூர் - போத்தனூர்ப் பாதை, இன்னும் இருக்கிறது. பின்னாளில் பீளமேடு வழியாகக் கோவைக்கு வேறு பாதை வந்தும், கேரளத்துக்குச் செல்லும் சில விரைவு வண்டிகள் நேரத்தை மிச்சப்படுத்த அந்தப் பழைய பாதையிலேயே கோவையைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் போய்விடுகின்றன. அவற்றைக் கோவைக்குத் திருப்பிவிடவேண்டும் என்று நகரத்து மக்கள் நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துப் பல வண்டிகளைத் திருப்பியும் விட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே முக்கோணம், அதே வழக்கு! மதுக்கரையைத் தாண்டியதும் அந்தப் பாதை யானைக் காட்டுக்குள் நுழைகிறது. மனிதருக்கு வாசலாக இருக்கும் கணவாய் யானைக்கும் நடைபாதை. இரவில் தண்டவாளத்தைக் கடந்த யானைகள் பல வண்டியில் அடிபட்டு மாண்டன. 2024 முதல் வனத்துறையினர் கேமராக்களையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு அங்கே காவல் காக்கிறார்கள். யானை பாதையை நெருங்கினால் வண்டி ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகிறது.

பேப்பூரின் கதையைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. எந்தத் துறைமுகத்துக்காக இந்தப் பாதை போடப்பட்டதோ, அந்தத் துறைமுகத்திலிருந்து பாதையே விலகிப் போய்விட்டது. 1888இல் கோழிக்கோட்டுக்குப் பாதை நீண்டதும் பேப்பூரின் கடைசி நிலையம் என்ற தகுதி போயிற்று. அந்த நிலையமும் பிற்பாடு மறைந்தது. பாதையின் ஒரு முனையான இராயபுரத்தில் பழைய நிலையக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. மறுமுனை இல்லை. நடுவில் போத்தனூர் இருக்கிறது.

என் நண்பனுக்கு இந்தக் கட்டுரையின் கைப்படியைக் கொடுத்தேன். படித்துவிட்டு, சரக்குப் பெட்டிக் கணக்கை மட்டும் தனியே ஒரு தாளில் தானும் போட்டுப் பார்த்தான். அவனுக்கும் இரண்டு மணி நேரம்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் போத்தனூருக்குப் போனோம். நாலாவது மணி அடித்தபின் புறப்பட்டதால் போய்ச்சேர இருட்டிவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. பெட்டிகளின் கதவுகள் எல்லாம் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தன. அவன் எழுந்து போய் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இன்னும் ஆறவில்லை என்றான்.